பள்ளிப் பாடத்தின் வரலாறு – 14: அளவுகோலைக் கைவிட்ட வேல்ஸ்

சென்ற அத்தியாயம் 1988இல் நின்றது. தாட்சர் அரசின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரே தேசியப் பாடத்திட்டத்தைக் கொடுத்ததையும், 7, 11, 14 வயதுகளில் அரசுத் தேர்வு வந்ததையும், பள்ளிகளின் தேர்ச்சி விவரம் தரவரிசைப் பட்டியலாக நாளிதழ்களில் அச்சேறத் தொடங்கியதையும் பார்த்தோம். அந்த இரண்டு நாடுகளின் பள்ளிகளும் தனித்தனி வழியில் போன கதையை இனிப் பார்ப்போம்.

1997 செப்டம்பர் 18 அன்று வேல்ஸ் மக்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: உங்களுக்கென்று ஒரு சட்டமன்றம் வேண்டுமா, வேண்டாமா? வாக்களிக்க வந்தவர்களே பாதிப் பேர்தான். கடைசி முடிவு வரும்வரை 'வேண்டாம்' பக்கமே முந்தி நின்றது. விடியும் நேரத்தில் வந்த கார்மார்தன்ஷர் மாவட்டத்தின் எண்ணிக்கை கணக்கைப் புரட்டிப் போட்டது. 6,721 வாக்கு வித்தியாசம், 50.3 சதவீதம், 'வேண்டும்' வென்றது. கார்டிஃப் நகரம்கூட எதிராகத்தான் வாக்களித்திருந்தது. இவ்வளவு மெல்லிய ஆதரவோடு 1999இல் அதே கார்டிஃபில் கூடிய சட்டமன்றத்தின் கைக்கு வந்த பெரிய துறைகள் இரண்டு: மருத்துவம், பள்ளிக்கல்வி.

ஆட்சி கைமாறினால் பாடத்திட்டமும் மாறும், உலகெங்கும் நடப்பதுதான். வேல்ஸின் கதையைத் தனி அத்தியாயமாக எழுதுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் அந்தச் சிறிய அரசு ஆய்வாளர்களை அழைத்தது, அறிக்கை கேட்டது, கேட்டதைப் பெரும்பாலும் நிறைவேற்றவும் செய்தது. அப்படியிருந்தும், 16 வயதுத் தேர்வுக்கு முன் தன் பிள்ளைகள் உண்மையில் என்ன கற்றிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதனிடம் சொந்தமாக ஒரு வழியும் இல்லாமல் போன ஒரு காலம் வந்தது. அது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

வேல்ஸ்காரர்களுக்குக் கல்வி அறிக்கை என்றாலே ஒரு பழைய காயம் உண்டு. 1846இல் வில்லியம் வில்லியம்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் வேல்ஸில் கல்வியின் நிலை பற்றி விசாரணை வேண்டும் என்று லண்டனில் பேசினார். அவர் கார்மார்தன்ஷரில் பிறந்தவர். கோவென்ட்ரி தொகுதியிலிருந்து தேர்வானவர். ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்று முன்னுக்கு வர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அரசு மூன்று ஆணையர்களை அனுப்பியது: லிங்கென், சைமன்ஸ், வாகன் ஜான்சன். மூவரும் ஆங்கிலேய வழக்கறிஞர்கள். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. அங்கே மக்களில் பெரும்பாலோர் ஆங்கிலிகன் சபையை விட்டு விலகி, தங்கள் சொந்தச் சேப்பல்களில் வழிபட்டவர்கள்; சாட்சி சொன்னவர்களில் ஆங்கிலிகன் பாதிரிமாரே மிகுதி. வெல்ஷ் மட்டுமே தெரிந்த பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். பிள்ளை விழித்தது. அறியாமை என்று எழுதிக்கொண்டார்கள். 1847இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை, பள்ளிகளின் அவலத்துக்கு வெல்ஷ் மொழியையும் சேப்பல்களையும் காரணம் காட்டியது. வேல்ஸ் பெண்களின் ஒழுக்கத்தையும் இழித்துப் பேசியது.

அறிக்கையில் இருந்ததெல்லாம் பொய்யில்லை. பள்ளிக்கூடம் என்ற பெயருக்குத் தகுதியில்லாத கட்டடங்கள், பயிற்சியே பெறாத ஆசிரியர்கள், புத்தகத் தட்டுப்பாடு எல்லாம் உண்மை. வெல்ஷ் மொழி ஞாயிறு பள்ளிகள் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுத்தறிவு கொடுத்ததை ஆணையர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 'வெல்ஷ் நாட்' என்று சொல்லப்பட்ட வழக்கத்தையும் பதிவு செய்தார்கள். பள்ளியில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசுவது காதில் விழுந்தால் கட்டை அதன் கழுத்துக்கு மாறும். மாலையில் பள்ளி விடும்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. பிள்ளையைப் பிள்ளையே வேவு பார்க்கும் ஏற்பாடு. எந்த அரசாணையும் இதைச் சொல்லவில்லை. பள்ளிகளே கைக்கொண்டது, பல இடங்களில் பெற்றோரும் உடன்பட்டார்கள்.

அறிக்கை ஊரில் கிளப்பிய கொதிப்பு அடங்கவே இல்லை. 1854இல் ஆர். ஜே. டெர்ஃபெல் 'நீல நூல்களின் துரோகம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நாடகம் எழுதினார்; அரசு அறிக்கைகளின் நீல அட்டையை வைத்து வந்த பெயர் அது. இன்றும் வேல்ஸ் வரலாற்று நூல்கள் அந்த நிகழ்வை அப்படித்தான் குறிப்பிடுகின்றன. லிங்கென் ஒன்றும் குறைந்துபோகவில்லை. பின்னாளில் லண்டன் கல்வித் துறைக்கும் அதன் பிறகு கருவூலத்துக்கும் தலைமை அதிகாரியானார்.

வெளியாள் வந்து, வெளியார் மொழியில், வெளியார் அளவுகோலால் அளந்தால் என்ன ஆகும் என்பதை வேல்ஸ் இப்படிக் கற்றது. 1999இல் அதிகாரம் கைக்கு வந்தபோது அந்நாட்டு ஆசிரியர்களும் அரசியல்வாதிகளும் தரவரிசைப் பட்டியலையும் அரசுத் தேர்வையும் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் வியப்பில்லை. லண்டனில் பிரதமர் டோனி பிளேர், கார்டிஃபில் முதலமைச்சர் ரோட்ரி மோர்கன், இருவரும் தொழிற்கட்சி. ஆனால் தனக்கும் பிளேருக்கும் இடையில் 'தெளிவான சிவப்பு நீர்' ஓடுகிறது என்று சொல்ல மோர்கன் விரும்பினார். 2002 டிசம்பரில் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் எழுத்துப் பிரதியில் அந்தத் தொடர் இருந்தது. மேடையில் அவர் அதை உச்சரிக்கவில்லை, பத்திரிகைகள் விடவில்லை. அந்த இடைவெளி முதலில் தெரிந்தது பள்ளிக்கூடத்தில்தான்.

கல்வி அமைச்சர் ஜேன் டேவிட்சன் முன்பு ஆசிரியராக இருந்தவர். 2001இல் தரவரிசைப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு 7 வயதுத் தேர்வு போனது. மற்ற தேர்வுகளை என்ன செய்வது என்று பார்க்க அபெரிஸ்ட்வித் பேராசிரியர் ரிச்சர்ட் டாஹர்ட்டி தலைமையில் குழு அமைந்தது. டாஹர்ட்டி மதிப்பீட்டுச் சீர்திருத்தக் குழு என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வட்டத்தைச் சேர்ந்தவர். அந்த வட்டத்தின் பேச்சில் மையமாக இருந்தது 1998இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் வெளியிட்ட ஆய்வு. ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அவர்கள், பாடம் நடக்கும்போதே பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கண்டு சொல்லித் திருத்துவது கற்றலை வெகுவாக உயர்த்துகிறது, அதிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகப் பயன் என்று காட்டினார்கள். ஆண்டு இறுதித் தேர்வுக்காகப் பயிற்சி கொடுப்பது அந்த வேலைக்கு நேரமில்லாமல் செய்துவிடுகிறது.

2004இல் வந்த டாஹர்ட்டி அறிக்கை 11, 14 வயதுத் தேர்வுகளைக் கைவிடச் சொன்னது. ஆசிரியரின் மதிப்பீட்டை நம்பச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களின் மதிப்பீடு பள்ளிக்குப் பள்ளி ஒரே தரத்தில் இருக்கும்படி சரிபார்க்கும் ஏற்பாடும், பள்ளியின் ஐந்தாம் ஆண்டில் எழுத்து, எண், சிந்தனைத் திறன்களுக்கு ஒரு சோதனையும் வேண்டும் என்றது. தேர்வை எடுத்துவிடும் பாதி உடனே நிறைவேறியது. ஐந்தாம் ஆண்டுச் சோதனை கட்டாயமாகாமலே போனது. ஆய்வறிக்கையில் மக்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் நிறைவேற்றுவது எல்லா அரசுகளும் செய்வதுதான். வேல்ஸ் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

அதே காலத்தில் வந்த அடித்தளப் பருவம் என்ற திட்டத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆய்வைப் பாடத்திட்டத்தோடு சேர்த்துக் கட்டியதில் வேல்ஸின் நேர்மையான முயற்சி அது. 3 முதல் 7 வயது வரை மேசை நாற்காலியில் உட்கார்த்தி எழுதவைக்காமல், விளையாட்டு வழியே, வெளியில் மண்ணிலும் தண்ணீரிலும் கற்க விடுவது. இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகர முறை, நியூசிலாந்தின் மழலையர் திட்டம் எல்லாம் பார்த்து வடிவமைத்தார்கள். 2004இல் சில பள்ளிகளில் முன்னோட்டம். அதற்கு வெளி ஆய்வாளர்களின் மதிப்பீடு. பிறகு 2008 முதல் 2011 வரை படிப்படியாக எல்லாப் பள்ளிகளிலும். 5 வயதுக்குக் கீழ் 8 பிள்ளைக்கு ஒரு பெரியவர், அதற்கு மேல் 15 பிள்ளைக்கு ஒருவர் என்ற விகிதத்துக்குப் பணமும் ஒதுக்கினார்கள். 2015இல் கார்டிஃப் ஆய்வாளர் கிறிஸ் டெய்லர் குழுவின் மூன்றாண்டு மதிப்பீடு வந்தது. பிள்ளைகளின் ஈடுபாடும் நலமும் கூடியிருக்கின்றன, திட்டத்தை ஊன்றிச் செய்த பள்ளிகளில் தேர்ச்சியும் மேலானது என்றது. ஏழைப் பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைக்கும் உள்ள இடைவெளி குறைந்ததற்கு மட்டும் ஆதாரம் கிடைக்கவில்லை. முன்னோட்டம், மதிப்பீடு, பரவல், மறுமதிப்பீடு. இந்த ஒழுங்கு பின்னர் வந்த பெரிய மாற்றத்தில் இல்லை என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

தேர்வுகள் போன பிறகு ஆசிரியர்கள் போட்ட மதிப்பெண்கள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தன. எல்லாம் நன்றாகப் போகிறது என்று கார்டிஃப் நம்பியது. நம்பாமல் இருக்க, 16 வயதுத் தேர்வுக்கு முன், அதனிடம் வேறு கணக்கு இல்லை.

2010 டிசம்பர் 7 அன்று பிசா முடிவுகள் வந்தன. ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு, 15 வயது மாணவர்களுக்கு அப்போது மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்திவந்த உலகத் தேர்வு அது. வேல்ஸ் வாசிப்பில் 476, கணிதத்தில் 472, அறிவியலில் 496 புள்ளி. கலந்துகொண்ட 67 நாடுகளிலும் பகுதிகளிலும் வாசிப்பில் 38ஆம் இடம், கணிதத்தில் 40. பிரிட்டனின் நான்கு நாடுகளில் கடைசி. அப்போதைய கல்வி அமைச்சர் லெய்ட்டன் ஆண்ட்ரூஸ், சுரங்கம் மூடிப்போன ரோண்டா பள்ளத்தாக்கின் உறுப்பினர். அவர் சமாதானம் சொல்லவில்லை. தன்னிறைவில் தூங்கிக்கொண்டிருந்த கல்வி அமைப்புக்கு இது விழிப்பு மணி என்றார். அப்படிச் சொல்ல ஒரு அமைச்சருக்குத் துணிச்சல் வேண்டும். அதை இங்கே மதிப்போடு குறிப்பிடுகிறேன்.

அதே 2010இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்திருந்தது. சைமன் பர்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் செய்தது. இந்த அத்தியாயத்தில் வரும் ஆய்வுகளிலேயே எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஏனென்றால் அதிகாரப் பகிர்வு நடந்திராவிட்டால் இப்படி ஒரு ஆய்வே சாத்தியமில்லை. 2001 வரை இங்கிலாந்துப் பள்ளியும் வேல்ஸ் பள்ளியும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பெரும்பாலும் அதே பாடத்திட்டம், 16 வயதில் அதே ஜி.சி.எஸ்.இ. தேர்வு, அதே தரவரிசைப் பட்டியல். 2001இல் வேல்ஸ் பட்டியலை நிறுத்தியது, இங்கிலாந்து நிறுத்தவில்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே. இரண்டு பக்கத்து மாணவர்களின் முன்னேற்றத்தையும் ஒப்பிட்டால், பட்டியலை எடுத்ததன் விளைவு என்ன என்று தெரிந்துவிடும். எந்த ஆய்வாளரும் பள்ளிகளை இப்படி இரண்டாகப் பிரித்துச் சோதனை நடத்த அனுமதி பெற முடியாது. எல்லைக்கோடு அந்த வேலையைச் செய்துகொடுத்தது.

முடிவு இதுதான்: பட்டியல் போன பிறகு வேல்ஸில் ஒரு மாணவர் எல்லாப் பாடங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2 கிரேடு பின்தங்கினார். அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்தப் பின்னடைவு எல்லாப் பள்ளிகளிலும் நிகழவில்லை என்பது. மேல்தட்டில் இருந்த கால்பங்குப் பள்ளிகளில் பாதிப்பே இல்லை. அடித்தட்டில் இருந்த பள்ளிகளிலும், ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிகளிலும்தான் அடி பலமாக விழுந்தது. வசதியுள்ள பெற்றோர் பட்டியல் இல்லாமலே தங்கள் பள்ளியைக் கண்காணித்திருக்க வேண்டும். மெர்தர் டிட்ஃபில் போன்ற ஏழை ஊர்களில் அந்த வேலையைப் பட்டியல்தான் செய்துவந்திருக்கும். பட்டியல் போனதும் யாரும் கேட்பாரில்லை. ஏழைப் பிள்ளைகளை அவமானத்திலிருந்து காப்பாற்றவே பட்டியலை எடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஆண்ட்ரூஸ் எதிர்த்திசையில் வேகமாக ஓடினார். பள்ளிகளைத் தரப் பிரிவுகளாக வகுத்தார். 2013இல் வாசிப்புக்கும் எண்ணறிவுக்கும் தேசியத் தேர்வு மறுபடி வந்தது. எழுத்தறிவு, எண்ணறிவுச் சட்டகமும் வந்தது. 2015க்குள் பிசாவில் முதல் 20 இடங்களுக்குள் வர வேண்டும் என்று இலக்கு வைத்தார். 2012 பிசாவில் கணிதம் 468க்கு இறங்கியது.

இந்த நிலையில் வேல்ஸ் அரசு ஓ.இ.சி.டி.யையே அழைத்து, எங்கள் பள்ளிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. 2014இல் வந்த அறிக்கை, சீர்திருத்தங்கள் மேல் சீர்திருத்தங்களாக வருகின்றன, நீண்டகால நோக்கு இல்லை, எல்லோரும் ஏற்றுக்கொண்ட செயல்திட்டம் இல்லை என்றது. சரியான விமர்சனம்தான். ஆனால் அன்று முதல் ஒரு புதிய நிலைமை உருவானது: காய்ச்சலை அளந்த மருத்துவரே மருந்தும் எழுதிக் கொடுத்தார், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவும் அவரே வந்தார். 2014, 2017, 2018, 2020 என்று வேல்ஸ் பற்றி ஓ.இ.சி.டி. அறிக்கைகள் தொடர்ந்து வந்தன. மூன்று வேலைக்கும் ஒரே நிறுவனத்தை நம்பியது தவறு என்பதே என் கருத்து.

2014 மார்ச்சில் அமைச்சர் ஹ்யூ லூயிஸ், பாடத்திட்டம் முழுவதையும் மறுஆய்வு செய்ய ஸ்காட்லாந்தின் முன்னாள் தலைமைப் பள்ளி ஆய்வாளர் கிரஹாம் டொனால்ட்சனை நியமித்தார். டொனால்ட்சன் பள்ளிகளுக்கு நேரில் போனார். நூற்றுக்கணக்கானோரிடம் கருத்துக் கேட்டார். அவர்களில் பிள்ளைகளும் உண்டு. 1847இன் ஆணையர்கள் செய்யத் தவறியதை அவர் செய்தார். 2015 பிப்ரவரியில் 68 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். ஜூனில் அரசு அத்தனையையும் ஏற்றுக்கொண்டது.

பாடங்கள் ஆறு பெரும் கற்றல் பகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. வரலாறும் புவியியலும் சமயமும் மானுடப் புலம் என்ற பகுதியில் ஒன்றாக வரும். வகுப்புவாரியாக இதை இதை நடத்து என்ற பட்டியல் கிடையாது. 'எது முக்கியம்' என்ற தலைப்பில் 27 கூற்றுகளும், 5, 8, 11, 14, 16 வயதுகளை ஒட்டி ஐந்து முன்னேற்றப் படிகளும் இருக்கும். அவற்றை வைத்து ஒவ்வொரு பள்ளியும் தன் பாடத்திட்டத்தைத் தானே எழுத வேண்டும். ஏறத்தாழ 1,500 பள்ளிகள், 1,500 பாடத்திட்டங்கள். சட்டகத்தை எழுதும் வேலையில் முன்னோடிப் பள்ளிகளின் ஆசிரியர்களே உட்கார்ந்தார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பிள்ளை எப்படி ஏறுகிறது என்று ஆராய்ந்து சொல்ல, கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் வேல்ஸின் டிரினிட்டி செயின்ட் டேவிட் பல்கலைக்கழகமும் 'காமாய்' என்ற கூட்டு ஆய்வை நடத்தின. கர்ஸ்டி வில்லியம்ஸ் அமைச்சராக இருந்தபோது சட்டகம் 2020 ஜனவரியில் வெளியானது; 2021இல் சட்டமானது. அதே ஆண்டு பேராசிரியர் சார்லட் வில்லியம்ஸ் குழுவின் அறிக்கையை ஏற்று, கறுப்பின, ஆசிய, சிறுபான்மை மக்களின் வரலாற்றையும் கட்டாயமாக்கினார்கள். பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் நாடு வேல்ஸ். அதற்காக அந்த அரசை மனதாரப் பாராட்டலாம்.

ஆனால் டொனால்ட்சன் கொண்டுவந்த மாதிரி ஸ்காட்லாந்தில் 2010 முதல் நடைமுறையில் இருந்த ஒன்று. அங்கே மார்க் பிரீஸ்ட்லி, கெர்ட் பியஸ்டா போன்ற பாடத்திட்ட ஆய்வாளர்கள், திறனைப் பேசும் ஆவணத்தில் அறிவின் இடம் தெளிவில்லை என்று முன்பே எழுதியிருந்தார்கள். அந்தக் குரலை வேல்ஸ் ஆய்வாளர்கள் படித்தார்கள். காமாய் ஆய்வே அதற்கு ஒரு பதில்தான். செய்யாமல் விட்டது முன்னோட்டம். அடித்தளப் பருவத்துக்கு முதலில் சில பள்ளிகள், பிறகு அளவீடு, பிறகு பரவல் என்று போனவர்கள், 3 முதல் 16 வயது வரை எல்லாவற்றையும் மாற்றும்போது, மாற்றிய பள்ளியையும் மாற்றாத பள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

எல்லைக்கு அப்பால் இங்கிலாந்து வேறு ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கல்வி அமைச்சர்கள் மைக்கேல் கோவும் நிக் கிப்பும் அமெரிக்கப் பேராசிரியர் ஈ. டி. ஹெர்ஷின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, அறிவே முதல் என்று 2014இல் ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தார்கள். வாசிப்பைக் கற்பிப்பதில் அவர்கள் நம்பியது எழுத்துக்கூட்டிப் படிக்கும் முறையை. அதன் பின்னணி வினோதமானது. ஸ்காட்லாந்தின் கிளாக்மனன்ஷர் என்ற சின்ன மாவட்டத்தில் ரோனா ஜான்ஸ்டன், ஜாய்ஸ் வாட்சன் இருவரும் ஏறத்தாழ 300 பிள்ளைகளை ஏழாண்டு பின்தொடர்ந்தார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க விடாமல், ஒவ்வொரு எழுத்தின் ஒலியையும் சொல்லிச் சேர்த்துப் படிக்கப் பழக்கிய பிள்ளைகள் அவர்கள். தொடக்கப்பள்ளி முடிவில் சொல் வாசிப்பில் தங்கள் வயதைவிட மூன்றரை ஆண்டு முந்தியிருந்தார்கள். படித்ததைப் புரிந்துகொள்வதில் முந்தியது மூன்றரை மாதம் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான குழு இல்லை என்று குறை சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. 2005இல் வந்த இந்த ஸ்காட்லாந்து ஆய்வு, 2006இல் ஜிம் ரோஸ் அறிக்கை வழியாக இங்கிலாந்தின் கொள்கையானது. 2012 முதல் அங்கே முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒலிப்புச் சோதனை. ஸ்காட்லாந்து அரசு அதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கவில்லை. வேல்ஸும் இல்லை. நான்காம் வகுப்பு வாசிப்புக்கான 2021ஆம் ஆண்டுச் சுற்று உலக ஒப்பீட்டில் இங்கிலாந்து 558 புள்ளியுடன் நான்காம் இடம் பிடித்தது. வேல்ஸ் அந்த ஒப்பீட்டில் பங்கேற்கவே இல்லை.

2022 செப்டம்பரில் வேல்ஸின் தொடக்கப்பள்ளிகளிலும் பல மேல்நிலைப் பள்ளிகளின் ஏழாம் ஆண்டிலும் புதிய பாடத்திட்டம் தொடங்கியது. 2023 டிசம்பரில் பிசா முடிவு வந்தது. வாசிப்பு 466, கணிதம் 466, அறிவியல் 473. கணிதத்தில் 21 புள்ளி இறக்கம். உடனே புதிய பாடத்திட்டத்தின் மேல் பழி விழுந்தது. அது அநியாயம். 2022இல் அந்தத் தேர்வை எழுதிய 15 வயதுப் பிள்ளைகள் புதிய பாடத்திட்டத்தில் ஒரு நாள்கூடப் படித்தவர்கள் அல்லர். கோவிட் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்தது, பிரிட்டனின் மாதிரி சில தரநிலைகளை எட்டவில்லை என்று ஓ.இ.சி.டி.யே குறிப்பிட்டது, இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லியும் தப்ப முடியாத ஒரு உண்மையை 2024 மார்ச்சில் லண்டன் நிதி ஆய்வுக் கழகத்தின் லூக் சிபியெட்டா எடுத்து வைத்தார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் வாங்கும் புள்ளி, வேல்ஸில் எல்லாப் பிள்ளைகளின் சராசரிக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது. வறுமைதான் காரணம் என்று இனி வேல்ஸ் சொல்ல முடியாது. அந்த ஆண்டு பொறுப்பேற்ற அமைச்சர் லின் நீகிள், எழுத்துக்கூட்டிப் படிப்பதை ஒழுங்காகக் கற்பிக்க வேண்டும் என்று வழிகாட்டுதலை இறுக்கினார். கிளாக்மனன்ஷர் ஆய்வு வெளிவந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வேல்ஸ் ஆய்வைக் கேட்காத நாடு என்று யாரும் சொல்ல முடியாது. கேட்ட ஆய்வுகள் எல்லாம், பாடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொன்னவை. பிள்ளை என்ன கற்றது என்பதைத் தொடர்ந்து சொல்லும் ஏற்பாட்டை 2004க்குப் பிறகு அது தன் கையாலேயே விட்டுவிட்டது. அந்த இடத்துக்கு 1847இல் போலவே வெளியார் அளவுகோல் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்வு வைத்து அவமானப்படுத்தாமல், மாதிரிக்குச் சில ஆயிரம் பிள்ளைகளை ஆண்டுதோறும் எடுத்து, வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் சோதித்து, முடிவை மறைக்காமல் வெளியிட்டிருந்தால் போதும். அப்படியொரு தேசிய மாதிரி அளவீட்டுத் திட்டத்தை அரசு வெகு காலம் கழித்தே அறிவித்தது. பாடத்திட்டத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியது அது.

பிரிஸ்டல் ஆய்வாளர்கள் செய்ததுபோல இங்கிலாந்தோடு ஒப்பிடும் வழியும் அடைபட்டுவிட்டது. வேல்ஸுக்கென்றே வடிவமைத்த புதிய ஜி.சி.எஸ்.இ. பாடங்கள் 2025 செப்டம்பரில் வகுப்புக்கு வந்தன. 2022இல் ஏழாம் ஆண்டில் நுழைந்த முதல் அணி 2027 கோடையில் அவற்றை எழுதி முடிக்கிறது.

அடுத்த அத்தியாயத்தில் ஸ்காட்லாந்து. சில உலக ஒப்பீடுகளிலிருந்து விலகிக்கொண்டு பாடத்திட்டத்தை மாற்றிய அந்த அரசு, பல ஆண்டுகள் கழித்து 2023இல் மறுபடி சேர முடிவு செய்த கதை.

(தொடரும்)